‘மறுஆய்வு’ என்ற சொல்லை நம்பி நான் இழந்த பதினைந்து மாதம்

முன்சீப் கோர்ட்டில் என் வழக்கு தள்ளுபடியானது 2022 ஜூன் 14ஆம் தேதி. ஆறு வருடம் நடந்த வழக்கு, முடிவு சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அப்பாவிடம் என்ன பதில் சொல்வது என்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வழக்கில் தோற்றதைவிட அந்த முடிவுதான் என்னை அதிகம் பாதித்தது. மேல்முறையீடு செய்ய வேண்டிய நேரத்தில் நான் மறுஆய்வு மனு போட்டேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது ஒரு பத்து நிமிடம் எனக்கு விளக்கியிருந்தால் போதும், பதினைந்து மாதமும் கிட்டத்தட்ட அறுபதாயிரம் ரூபாயும் மிஞ்சியிருக்கும். கோர்ட் வராந்தாவில் என்னைப் போலவே கையில் வழக்குக் காகிதக் கட்டோடு விழித்து நிற்கும் எத்தனையோ பேரை அதன் பிறகு பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கு என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா விட்டுப்போன 28 சென்ட் இடம் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதற்குப் போக எட்டடி அகலத்தில் ஒரு வண்டிப்பாதை உண்டு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தப் பாதையில் மாட்டுவண்டி போனதைப் பார்த்திருக்கிறேன். பாதை போகும் முன்பக்க இடம் பெரியப்பா வழியில் கைமாறியது. வாங்கியவர் 2016இல் கல் நட்டு, இது முழுக்கத் தன் இடம், பாதையே கிடையாது என்றார். பேசிப் பார்த்தோம், பஞ்சாயத்து வைத்தோம், சரிவரவில்லை. கடைசியில் நானே வாதியாக வழக்குப் போட்டேன். பாதையை மறிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கிடைத்தது. ஆனால் பாதை இருந்தது என்பதற்குச் சாட்சிகள் சொன்ன வாய்வார்த்தை தவிர என் கையில் எழுத்து எதுவும் இல்லை. வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு 1975லிருந்துதான் கிடைத்தது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுத்துத் தேடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாதை உரிமைக்கு ஆவணம் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

அது நடந்து பத்து நாள் கழித்து அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். அப்பாவின் கூடப் பிறந்தவர், அடுத்த தெருவில்தான் வீடு. அப்பாவின் காரியத்தன்று நடந்த ஒரு மனத்தாங்கலில் எட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. தோற்றுப்போன சோர்வில் எனக்கும் யாராவது பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. போனேன். வழக்கைப் பற்றிச் சொன்னதும் அத்தை கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். பாச்சை உருண்டை வாசம், அவரது கல்யாணப் பட்டு, ஒரு பழைய பால்கார்டு, அதற்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய பத்திரம். 1968இல் அப்பா, பெரியப்பா, அத்தை மூவரும் பதிவு செய்த பாகப்பிரிவினை. மூன்றாவது பக்கத்தில், மடிப்பு விழுந்து பாதி எழுத்து அழிந்த இடத்தில், ‘எட்டடி அகல வண்டிப்பாதையை இரு தரப்பாரும் பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. “இதைத்தானா ஆறு வருஷமா தேடுற? என்கிட்ட யாரும் கேட்கலையேம்மா” என்றார் அத்தை. அந்த ஒரு வார்த்தை பின்னால் எனக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சலாக வரப்போகிறது என்று அன்று தெரியவில்லை.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே என் வக்கீலிடம் ஓடினேன். அவர் இரண்டு வழி சொன்னார். முன்சீப் கோர்ட்டுக்கு மேலே இருக்கும் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், இல்லாவிட்டால் இதே முன்சீப் கோர்ட்டில் மறுஆய்வு மனு போடலாம். மேல்முறையீடு என்றால் செலவு கூடும், வருடக்கணக்கில் இழுக்கும். மறுஆய்வு என்றால் அதே நீதிபதி, கட்டு அவருக்குத் தெரியும், புதிதாக ஒரு பத்திரம் கிடைத்திருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் இரண்டையும் சொன்னார், மறுஆய்வைப் பிடித்துக்கொண்டது நான்தான். ‘மறுஆய்வு’ என்ற சொல்லைக் கேட்டதுமே மனம் அதில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் ஆராய்வார்கள், மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார்கள் என்றுதான் எனக்குப் புரிந்தது. பரீட்சையில் மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்பது போல என்று நினைத்துக்கொண்டேன்.

செய்திகளில் ‘சீராய்வு மனு’ என்று அடிக்கடி கேட்டிருந்ததும் ஒரு காரணம். அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 9ஆம் தேதி தீர்ப்புச் சொன்ன பிறகு சீராய்வு மனுக்கள் தாக்கலானதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே மறுபடி பார்க்கச் சொல்லலாம் என்றால் முன்சீப் கோர்ட் தீர்ப்பைப் பார்க்க மாட்டார்களா என்பது என் கணக்கு. அந்த மனுக்கள் டிசம்பர் 12ஆம் தேதியே, வக்கீல்கள் வாதாடாமல் நீதிபதிகளின் அறைக்குள்ளேயே பரிசீலிக்கப்பட்டுத் தள்ளுபடியாகின என்ற பகுதி என் மனதில் தங்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலான சீராய்வு மனுக்களின் கதை அதுதான். அங்கே ஒருவர் சீராய்வு கேட்பதற்குக் காரணமே வேறு. அதற்கு மேலே போக வேறு நீதிமன்றம் கிடையாது. எனக்கு மேலே சார்பு நீதிமன்றம் இருந்தது, அதற்கு மேலே உயர் நீதிமன்றம் இருந்தது. ஏறிப்போகப் படி இருக்கும்போது நான் நின்ற இடத்திலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சொற்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ‘சீராய்வு மனு’ என்று இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். பத்திரிகைகள் உச்ச நீதிமன்றத்தைப் பற்றி எழுதும்போது சீராய்வு என்றால் அது ரிவியூ. தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்திடம், நீங்கள் சொன்னதில் பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்று கேட்பது. ஆனால் கோர்ட்டில் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் ‘உரிமையியல் சீராய்வு மனு’, ‘குற்றவியல் சீராய்வு மனு’ என்று சொன்னால் அது ரிவிஷன். கீழ்க் கோர்ட் தன் அதிகாரத்தை மீறியதா, நடைமுறையில் பெரிய தவறு செய்ததா என்று மேல் நீதிமன்றம் பார்ப்பது. ஒன்று அதே படியில் நடப்பது, மற்றொன்று மேல்படியில் நடப்பது. எங்கள் ஊர்க் கோர்ட்டில் ரிவியூவுக்கு ‘மறுஆய்வு’ என்கிறார்கள். சிலர் ‘மறுசீராய்வு’ என்றும் சொல்கிறார்கள். ‘மறுவிசாரணை’ என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. மேல் நீதிமன்றம் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பி மறுபடி விசாரிக்கச் சொல்வது அது. நான் மறுஆய்வு மனுப் போட்டுவிட்டு மறுவிசாரணையை எதிர்பார்த்தேன். அதனால் யாராவது உங்களிடம் ‘மறு’ என்றோ ‘சீராய்வு’ என்றோ சொன்னால், தமிழ்ச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வக்கீல் கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கும் தயக்கம் இருந்தது. பிறகு வந்த வக்கீலிடம் கேட்டபோது அவர் சந்தோஷமாகவே எழுதித் தந்தார்.

2022 ஜூலை 18ஆம் தேதி மறுஆய்வு மனு தாக்கலானது. இந்தத் தேதியை நான் மறக்கவே முடியாது. காரணம் சொல்கிறேன். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தீர்ப்பு நகலுக்கு மனுக் கொடுத்து, நகல் கைக்கு வரும் வரை ஆகும் நாட்கள் அந்த 30இல் சேராது. நான் ஜூன் 20ஆம் தேதி நகல் மனுப் போட்டு ஜூலை 11ஆம் தேதி வாங்கினேன், 22 நாள். ஆக எனக்கு ஆகஸ்ட் 5 வரை நேரம் இருந்தது. மறுஆய்வு மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று மேல்முறையீட்டுக்கு இன்னும் 18 நாள் மிச்சம். மறுஆய்வு நிலுவையில் இருக்கும்போது அந்தக் கெடு நின்று காத்திருக்கும் என்று நினைத்தேன். நிற்காது. மறுஆய்வு மனுப் போட்டதால் மேல்முறையீட்டின் நாள்கணக்கு தானாக நின்றுவிடாது. இந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. மேல்முறையீடு செய்துவிட்ட பிறகு அதே தீர்ப்பின் மேல் மறுஆய்வு கேட்க முடியாது. மேல்முறையீடு செய்யாத தீர்ப்புக்குத்தான் மறுஆய்வு என்று சட்டமே சொல்கிறது. மறுஆய்வுக்கு உங்களிடம் உண்மையிலேயே வலுவான காரணம் இருந்தால் அதை முதலில் போட்டுவிட்டு, கெடு முடிவதற்குள் மேல்முறையீட்டையும் போட்டு வைப்பது பற்றி வக்கீலிடம் பேசுங்கள். எதை முதலில் போடுகிறோம் என்பது முக்கியம். மறுஆய்வுக்கும் 30 நாள்தான் கெடு என்பதால் இரண்டையும் ஒரே வாரத்தில் யோசித்தாக வேண்டும்.

மனுப் போட்ட பிறகு வாய்தா வாய்தாவாகப் போனது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அவர்கள் பதிலுரைக்கு அவகாசம், கோர்ட் புறக்கணிப்பு, நீதிபதி விடுப்பு. நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ஒரு நாள் போகாவிட்டால் 700 ரூபாய் பிடித்துவிடுவார்கள். பதினாறு நாள் விடுப்பு எடுத்தேன். 2023 தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில், பாதையின் குறுக்கே ஆறடி உயரத்துக்குச் சுவர் எழுந்துவிட்டது. தடை உத்தரவு இருக்கிறதே என்று வக்கீலுக்குப் போன் செய்தேன். வழக்கு தள்ளுபடியான அன்றே இடைக்காலத் தடையும் போய்விட்டது என்றார். மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால் அங்கே புதிதாகத் தடை கேட்டிருக்கலாம். அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது ஏற்பட்ட ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை. ஈரச் சிமெண்டில் யாரோ ஒரு குழந்தை கை வைத்து எடுத்த அச்சு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அந்த வருடம் மே மாத இடமாற்றத்தில் தீர்ப்பு எழுதிய நீதிபதியும் மாறிப் போனார். அதே நீதிபதி பார்ப்பார் என்ற ஒரே நம்பிக்கையும் அத்துடன் போயிற்று. புதிய நீதிபதிதான் மனுவை விசாரித்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் பேசவில்லை. மறுஆய்வுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 114ஆம் பிரிவும் 47ஆவது ஆணையின் 1ஆம் விதியும்தான் அடிப்படை. அதில் மூன்று காரணங்கள்தான் உண்டு. முதலாவது, உரிய முயற்சி எடுத்தும் அப்போது தெரியவராத, அல்லது தாக்கல் செய்ய முடியாமல் போன, புதிய முக்கியமான சான்று. இரண்டாவது, கட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியும் பிழை. மூன்றாவது, இவற்றைப் போன்ற வேறு போதுமான காரணம். நான் முதலாவதை நம்பிப் போயிருந்தேன். அதில் ‘உரிய முயற்சி எடுத்தும்’ என்ற சொற்களை நான் கவனிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது இவ்வளவுதான்: பத்திரம் வைத்திருந்த அத்தை உயிரோடு இருக்கிறார், அதே ஊரில் அடுத்த தெருவில் இருக்கிறார், பத்திரமோ பதிவு செய்யப்பட்டது, பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும். ஆறு வருடத்தில் வாதி ஏன் யாரையும் கேட்கவில்லை? அத்தை என்னிடம் சொன்ன அதே வார்த்தை. என்னிடம் பதில் இல்லை. குடும்பத்தில் பேச்சு இல்லை என்பது எனக்குப் பெரிய காரணம். சட்டத்துக்கு அது காரணமே இல்லை.

2023 செப்டம்பர் 21ஆம் தேதி மனு தள்ளுபடி. மறுஆய்வு என்பது மாறுவேடம் போட்ட மேல்முறையீடாக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருப்பதை அந்த உத்தரவில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். 1997இல் வந்த பார்சியன் தேவி வழக்கின் தீர்ப்பு அதில் ஒன்று. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், நீண்ட வாதம் செய்துதான் நிறுவ வேண்டும் என்றால் அது கண்ணுக்குத் தெரியும் பிழை ஆகாது என்கிறது அந்தத் தீர்ப்பு. படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது. நீதிபதி சாட்சியத்தை எடைபோட்டது தவறு என்று நினைத்தால் அது மேல்முறையீட்டுக்கு உரிய விஷயம். நடைமுறையில் இருந்த ஒரு சட்டப்பிரிவையே பார்க்காமல் விட்டுவிட்டார், கட்டில் இருக்கும் ஆவணத்தை இல்லை என்று எழுதிவிட்டார் என்றால்தான் மறுஆய்வு.

சரி, இந்தத் தள்ளுபடி உத்தரவின் மேல் மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். முடியாதாம். மறுஆய்வு மனுவை நிராகரித்த உத்தரவின் மேல் மேல்முறையீடு கிடையாது. மறுஆய்வு உத்தரவை மறுஆய்வு செய்யச் சொல்லவும் முடியாது. மூல தீர்ப்பின் மேல்தான் போக வேண்டும், அதற்கோ கெடு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று இரவு சாப்பிடவில்லை. வழக்கையே விட்டுவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

தற்செயலாகத்தான் வேறு வழி கிடைத்தது. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவின் அறை இருக்கிறது. ஏழு வருடம் அதன் வாசல் வழியாக நடந்திருக்கிறேன், அது ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்து உள்ளே போனதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். அங்கே இருந்த ஒரு பெண் வக்கீல் முக்கால் மணி நேரம் என் கட்டைப் புரட்டினார். “மேல்முறையீடு இன்னும் செத்துப்போகலம்மா, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம்” என்றார். அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் நிதானமாகும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். வழக்கை எடுத்து நடத்த நான் ஏற்கெனவே வேறொரு சீனியர் வக்கீலிடம் பேசி முன்பணம் கொடுத்திருந்தேன், அதனால் அந்தச் சீனியரிடமே தொடர்ந்தேன். ஆனால் முதல் நாளே இந்த அறைக்குள் போயிருக்க வேண்டும்.

2023 அக்டோபர் 30ஆம் தேதி மேல்முறையீடும் அதோடு காலதாமதத்தை மன்னிக்கும் மனுவும் தாக்கலாயின. தாமதம் 451 நாள். வரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம். மறுஆய்வை நல்லெண்ணத்தோடு நடத்திக்கொண்டிருந்தேன் என்பது என் காரணம். இது உரிமையாகக் கேட்பது இல்லை, நீதிபதி மனம் ஒப்பினால் கிடைப்பது. எனக்கு உதவியவை காகிதங்கள்தான். மறுஆய்வு மனுவின் நகல், ஒவ்வொரு வாய்தா தேதியும் தெரியும்படி இ-கோர்ட்ஸ் செயலியில் எடுத்த விவரம், தள்ளுபடி உத்தரவுக்கு உடனே நகல் மனுப் போட்ட ரசீது. ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை என்று இவற்றை வைத்துத்தான் காட்டினோம். உங்கள் வழக்குக்குப் பதினாறு எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும், அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த தேதி என்ன, என்ன உத்தரவு என்று யாரையும் கேட்காமல் நீங்களே பார்க்கலாம். எதற்கும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். 2024 ஜூலையில் தாமதம் மன்னிக்கப்பட்டது, எதிர்த்தரப்புக்கு 5,000 ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சுவர் கட்டியவருக்கே நான் பணம் கட்டினேன். கட்டும்போது மனது கொதித்தது, ஆனாலும் கதவு திறந்ததே என்று கட்டினேன்.

கணக்குப் பார்த்தால், மறுஆய்வுக்கு வக்கீல் ஃபீஸ் 25,000, நகல், ஸ்டாம்பு, குமாஸ்தா செலவு 4,300, விடுப்பில் போன சம்பளம் 11,200, தாமத மனுவுக்குத் தனியாக ஃபீஸ் 12,000, செலவுத்தொகை 5,000. மொத்தம் 57,500 ரூபாய். முதலிலேயே மேல்முறையீடு செய்திருந்தால் இதில் ஒரு ரூபாயும் தேவைப்பட்டிருக்காது. இதுபோக அந்தச் சுவர்.

அத்தையின் பத்திரத்தை மேல்முறையீட்டில் எப்படிக் கொண்டுவந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆவது ஆணையின் 27ஆம் விதிப்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடுதல் சான்றை ஏற்கலாம். அங்கேயும் உரிய முயற்சி எடுத்தீர்களா என்ற கேள்வி உண்டு. ஆனால் அதே விதியில் இன்னொரு வழியும் இருக்கிறது: தீர்ப்புச் சொல்ல இந்த ஆவணம் தனக்குத் தேவை என்று நீதிமன்றமே கருதினால் ஏற்றுக்கொள்ளலாம். என் வக்கீல் இதைத்தான் பிடித்தார். பதிவான பத்திரம், எதிர்த்தரப்புக்கு விற்றவரே கையெழுத்துப் போட்டது, அதைப் பார்க்காமல் பாதை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். முன்சீப் கோர்ட்டில் தோற்றுப்போன அதே பத்திரத்துக்குச் சார்பு நீதிமன்றத்தில் இடம் கிடைத்தது. 2025 மார்ச்சில் பழைய தீர்ப்பை ரத்து செய்து, பத்திரத்தைச் சான்றாவணமாகக் குறியிட்டு மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கை முன்சீப் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எதை மறுஆய்வு என்று நினைத்தேனோ அது இதுதான். இதன் பெயர் மறுவிசாரணை. இனி மேற்கொண்டு சுவரில் கை வைக்கக் கூடாது, இருக்கும் நிலை நீடிக்க வேண்டும் என்றும் உத்தரவு இருக்கிறது.

வராந்தாவில் காத்திருந்த காலத்தில் மற்றவர்கள் கதையையும் நிறையக் கேட்டேன். அதில் இரண்டு உங்களுக்குப் பயன்படும். ஒரு அண்ணன் வழக்கில் ஜெயித்தும் தீர்ப்பாணையில் சர்வே எண் தவறாகத் தட்டச்சாகியிருந்தது. அவரையும் யாரோ மறுஆய்வு போடச் சொல்லியிருந்தார்கள். எழுத்துப்பிழை, கூட்டல் பிழைக்கெல்லாம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் ஒரு சின்ன மனு போதும், இரண்டு வாய்தாவில் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இன்னொருவர் ஒரு அக்கா, செக் வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனை ஆகியிருந்தது. அதே கோர்ட்டில் மறுஆய்வு கேட்கப் போவதாகச் சொன்னார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். குற்றவியல் வழக்கில் தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு, எழுத்துப்பிழை திருத்துவது தவிர அந்த நீதிமன்றமே அதை மாற்ற முடியாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 362ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 403ஆம் பிரிவு. அவர் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அவருக்கு அப்போது ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அடுத்த வாரமே போட்டுவிட்டதாகப் போன் செய்தார். இத்தனை வருடத்தில் கோர்ட்டிலிருந்து நான் நிம்மதியாக வீடு திரும்பிய நாள்களில் அதுவும் ஒன்று.

நுகர்வோர் ஆணையங்களிலும் மறுஆய்வு உண்டு, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்கு 40ஆம் பிரிவு. அங்கேயும் கண்ணுக்குத் தெரியும் பிழைக்கு மட்டும்தான், 30 நாளுக்குள். மறுபடி முதலிலிருந்து கேளுங்கள் என்றால் அங்கேயும் நடக்காது.

என் வழக்கின் மறுவிசாரணைக்கு ஆகஸ்டில் அத்தையைச் சாட்சியாகக் கூட்டிப்போனேன். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, ஆட்டோவிலிருந்து இறங்கிப் படியேறவே கால் மணி நேரம் ஆயிற்று. நீதிபதி நாற்காலி போடச் சொன்னார். அத்தை மஞ்சள் துணியை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், பத்திரம் கோர்ட்டில் இருந்தாலும் துணி மட்டும் அவரிடமே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கி வைத்திருந்தார். பத்திரத்தைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டதும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆமாம், இது நான், இது அண்ணன், இது சின்ன அண்ணன் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், இவ்வளவு வருடம் இந்தப் பத்திரத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“பேச்சு இல்லாம இருந்தோம் சாமி. வந்து கேட்டா, அன்னைக்கே கொடுத்தேன்” என்றார். குமாஸ்தா அதை அப்படியே தட்டச்சு செய்தார். வழக்கு இப்போது வாதத்துக்கு நிற்கிறது.